ஹேண்டிகேப் ஓட்டம் எண்டா என்ன, பிள்ளையளுக்கு அதை நியாயமா நடத்துறது எப்படி?

ஸ்போர்ட்ஸ் மீட் நோட்டீஸிலயோ கிளப் அறிவித்தல்லயோ "ஹேண்டிகேப் ரேஸ்" எண்டு ஒரு வரி வந்தாப் போதும், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புல ரெண்டு கேள்வி கட்டாயம் வரும். ஒண்டு, இது மாற்றுத்திறனாளிப் பிள்ளையளுக்கான போட்டிதானே, என்ட மகனின்ட பேரை ஏன் இதில போட்டிருக்கு. மற்றது, ஒருத்தரை 15 மீற்றர் முன்னுக்கு நிப்பாட்டி ஓட விட்டா வேகமா ஓடுற பிள்ளைக்கு அநியாயம் இல்லையா. முதலாவதுக்குப் பதில் சின்னது: இல்லை, மெதுவா ஓடுற பிள்ளையை முன்னுக்கு நிப்பாட்டியோ முந்திக் கிளம்ப விட்டோ எல்லாருக்கும் வெல்ல வாய்ப்புக் குடுக்கிற ஓட்டம்தான் இது. ரெண்டாவதுக்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேணும், கணக்கை விடவும் கூட, அந்தக் கணக்குக்குள்ள போடுற டைமை எப்படி எடுத்தம் எண்டு பார்க்க வேணும். நோட்டீஸ் அடிக்கிற ஆக்கள் அநேகமா அந்த விசயத்தைத்தான் விட்டுடுறது.

சொல்லுக்குப் பின்னால இருக்கிறது

ஹேண்டிகேப் எண்ட சொல் இங்கிலீசுல தொடக்கத்தில உடல் குறைபாட்டைக் குறிக்கவே இல்லை. 17ம் நூற்றாண்டு இங்கிலாந்தில ரெண்டு பேர் பொருள் மாத்திக்கொள்ளும்போது நடுவில ஒருத்தர் இருந்து, மதிப்புக் குறைஞ்ச பொருளை வச்சிருக்கிறவர் எவ்வளவு காசு மேல போட்டா ரெண்டும் சமனாகும் எண்டு சொல்லுவார், மூண்டு பேரும் தொப்பிக்குள்ள கையை விட்டு எடுக்கிறது அந்த விளையாட்டின்ட ஒரு பகுதி, "தொப்பிக்குள்ள கை" எண்ட அந்தப் பேர்தான் சுருங்கி ஹேண்டிகேப் ஆனது. பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போச்சு: நல்ல குதிரைக்குக் கூடப் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைஞ்ச பாரம். கொழும்பில பழைய ஆக்களுக்கு இது புதுசில்லை, ரீட் அவென்யூ ரேஸ்கோர்ஸ் காலத்தைக் கண்டவையும் சரி, இப்பவும் புக்கிக் கடையில இங்கிலாந்து ரேஸ் லிஸ்ட் பார்க்கிறவையும் சரி, ஹேண்டிகேப் எண்டா பாரக் கணக்கு எண்டு டக்கெண்டு சொல்லுவினம். உடல் குறைபாட்டுக்கு அந்தச் சொல்லைப் பாவிச்சது அதுக்கெல்லாம் பிறகு வந்த பழக்கம், இப்ப அது மரியாதையான சொல்லும் இல்லை.

பரா விளையாட்டு வேற வழி. அதில ஒரே அளவான பாதிப்பு உள்ளவையை ஒரு வகுப்புக்குள்ள போட்டு, அந்த வகுப்புக்குள்ள எல்லாரையும் ஒரே விதிப்படி போட்டி போட விடுறது. டோக்கியோ பராலிம்பிக்கில ஈட்டி எறிதல்ல தங்கம் எடுத்த நம்மட தினேஷ் பிரியந்தவின்ட எஃப்46, கையில பாதிப்பு உள்ளவைக்கான அப்படி ஒரு வகுப்புத்தான். முன்னுக்கு விடுறது, பிந்தி விடுறது எண்டு ஒண்டும் அதுக்குள்ள கிடையாது.

ஆகவே நோட்டீஸ் எழுதுற ஆக்கள் தயவுசெய்து "ஹேண்டிகேப் ரேஸ்" எண்டு மொட்டையாப் போடாமல் "முன்தூரம் விட்டு ஓடும் போட்டி" எண்டோ "நேர இடைவெளி விட்டுத் தொடங்கும் போட்டி" எண்டோ ஒரு வரி சேர்த்துப் போட்டா பாதிக் குழப்பம் அங்கயே முடிஞ்சுடும்.

இன்னொரு குழப்பத்தையும் இதிலயே தீர்த்துடலாம். சுகததாச ஸ்டேடியத்தில 400 மீற்றர் ஓட்டம் பார்க்கிறவை வெளி லேன்ல நிக்கிற ஆள் முன்னுக்கு நிக்கிறதைக் கண்டு அதையும் ஹேண்டிகேப் எண்டு நினைக்கிறது உண்டு. அது இல்லை. வளைவில வெளிப்பக்கம் ஓடுற ஆளுக்குத் தூரம் கூட வருது எண்டதால அதைக் கழிச்சு விடுறது, வழமையான தடத்தில ரெண்டாம் லேனுக்கு 7.04 மீற்றர். கடைசியில எல்லாரும் சரியா 400 மீற்றர்தான் ஓடுவினம். ஹேண்டிகேப்பில ஓடுற தூரமே ஆளுக்காள் வேற.

ஏன் இப்படி ஒரு போட்டி வேணும்?

அண்டர் 14 எண்டு ஒரு பிரிவைப் பாருங்கோ. ஒரே வருசத்தில ஜனவரியில பிறந்த பிள்ளையும் டிசம்பரில பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில நிப்பினம், கிட்டத்தட்ட ஒரு வருச வித்தியாசம். அதை விடப் பெரிசு வளர்ச்சி. சராசரியாப் பெண் பிள்ளையள் 12 வயசு மட்டிலயும் ஆம்பிளைப் பிள்ளையள் 14 வயசு மட்டிலயும்தான் மளமளவெண்டு உயருவினம், ஆனா அது சராசரிதான், ஒருத்தனுக்கு 12 வயசிலயே மீசை அரும்பும், அவனின்ட பக்கத்து மேசைக்காரனுக்கு 15ல கூட ஒண்டும் இருக்காது. ரெண்டு பேரையும் 100 மீற்றர் ஓட விட்டா வெல்லப்போறது ஆர் எண்டு விசில் ஊதுறதுக்கு முன்னமே எல்லாருக்கும் தெரியும், அந்தப் பிந்தி வளர்ற பிள்ளைக்கும் தெரியும், ரெண்டு மூண்டு வருசம் கடைசியா வந்துட்டு அவன் ஓட்டத்தையே விட்டுடுவான். பிறகு 17 வயசில அவன் நல்லா ஓடியிருப்பானோ எண்டு கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.

இதுக்கு ஹேண்டிகேப் செய்யிற வேலை என்னெண்டா, "ஆர் வேகம்" எண்ட கேள்வியை "ஆர் தன்ர வழமையை விட நல்லா ஓடினது" எண்ட கேள்வியா மாத்துறது. கேள்வி மாறுது எண்டதை முதல்லயே எல்லாருக்கும் சொல்லிப்போட வேணும். வேகமான பிள்ளைக்கு அநியாயம் எண்டு சொல்ற பெற்றோர் பழைய கேள்வியை மனசில வச்சுக்கொண்டு புதுப் போட்டியைப் பார்க்கினம். அவையளில பிழை இல்லை, வேகமான பிள்ளைக்குரிய வழமையான ஓட்டத்தையும் அதே நாளில வைக்காமல் விட்டா அவை சொல்றது முழுக்கச் சரி. ஹேண்டிகேப் ஓட்டம் மேலதிகமா வைக்கிற ஒண்டு, வழமையான ஓட்டத்தைத் தூக்கிப்போட்டு அந்த இடத்தில வைக்கிறது இல்லை.

ரெண்டு முறை இருக்கு

1. தூர ஹேண்டிகேப். எல்லாரும் ஒரே சூட்டுக்குத்தான் ஓடத் தொடங்குவினம், ஆனா நிக்கிற இடம் வேற. ஆகப் பின்னுக்கு நிக்கிற ஆளை "ஸ்க்ராட்ச்"ல நிக்கிறார் எண்டு சொல்றது, அந்தக் காலத்தில மண்ணில கீறின கோட்டில நிண்டவர் எண்டதுதான் அர்த்தம். இது குறுந்தூரத்துக்கு. உலகத்தில பேர்போனது அவுஸ்திரேலியாவில விக்டோரியா மாநிலத்து ஸ்டோல் எண்ட சின்ன ஊரில 1878ல தொடங்கி ஈஸ்டர் வார இறுதியில நடக்கிற ஓட்டம், புல்லுத் தரை, 120 மீற்றர். அதில ஸ்க்ராட்ச்ல நிண்டு வெல்றது எவ்வளவு கஷ்டம் எண்டா, 1975ல மடகஸ்கார் வீரர் ஜான் லூயி ரவெலோமனான்ட்சோவா வெல்லும் வரைக்கும் ஒருத்தராலயும் ஏலாமப் போச்சு.

2. நேர ஹேண்டிகேப். எல்லாரும் ஒரே கோட்டில நிண்டு ஒரே தூரம் ஓடுவினம், ஆனா மெதுவா ஓடுறவர் முதல்ல கிளம்புவார், ஆக வேகமானவர் கடைசியாக் கிளம்புவார். 800 மீற்றருக்கு மேல, மரதன், க்ரொஸ் கன்ட்ரி எல்லாத்துக்கும் இதுதான் தோது.

கொழும்பில இருக்கிற வசதிக்கு ரெண்டாவதைத்தான் நான் சிபார்சு செய்வன். காரணம் கீழ வருது.

கணக்கு: நேரம்

இது பத்து நிமிசத்தில பழகிடலாம். 1200 மீற்றர், அதாவது மூண்டு ரவுண்ட் எண்டு வையுங்கோ. ஐஞ்சு பிள்ளையளின்ட எதிர்பார்க்கிற டைம்:

அ – 6 நிமிசம் 30 செக்கன்
ஆ – 5 நிமிசம் 50
இ – 5 நிமிசம் 5
ஈ – 4 நிமிசம் 40
உ – 4 நிமிசம் 10

ஆகக் கூடின டைம் 'அ' பிள்ளையின்ட 6:30. அதிலயிருந்து ஒவ்வொருத்தற்ற டைமையும் கழிச்சா அவர் கிளம்ப வேண்டிய நேரம் வரும். அ கிளம்புறது 0:00ல, ஆ 0:40ல, இ 1:25ல, ஈ 1:50ல, உ 2:20ல. எல்லாரும் தங்கட வழமைப்படியே ஓடினா மணிக்கூட்டில 6:30 ஆகேக்க ஐஞ்சு பேரும் ஒரே நேரத்தில கோட்டைத் தாண்ட வேணும். ஒரு பெரிய மணிக்கூடு, ஒரு மைக், பேர் கூப்பிட ஒரு ஆள், அவ்வளவும் போதும். அளவு நாடாவும் தேவையில்லை சுண்ணாம்புக் கோடும் தேவையில்லை.

கணக்கு: தூரம்

100 மீற்றருக்கு ஸ்க்ராட்ச்ல நிக்கிற பிள்ளையின்ட டைம் 12.5 செக்கன் எண்டு வையுங்கோ. மற்றப் பிள்ளைக்கு எத்தனை மீற்றர் முன்னுக்கு விடுறது? அந்த 12.5 செக்கனில அவர் எவ்வளவு தூரம் ஓடுவாரோ அதை 100ல கழிக்கிறது. சாதாரண விகிதக் கணக்குப் போட்டா 13.4 செக்கன் பிள்ளைக்கு 6.7 மீற்றர், 14.2க்கு 12 மீற்றர், 15.6க்கு 19.9 மீற்றர். (இதே கணக்கை வச்சு 2022ல 100 மீற்றரை 9.96 செக்கனில ஓடின இலங்கை வீரர் யுபுன் அபேகோனை ஸ்க்ராட்ச்ல நிப்பாட்டினா எங்கட 14.2 பிள்ளைக்கு 30 மீற்றர் முன்னுக்கு விட வேணும், சும்மா ஒரு அளவுக்குச் சொன்னது.)

ஆனா இந்த விகிதக் கணக்கில ஒரு ஓட்டை இருக்கு, நிறையப் பேர் கவனிக்கிறதில்லை. அது பிள்ளை தொடக்கம் முதல் கடைசி மட்டும் ஒரே வேகத்தில ஓடுது எண்டு எடுத்துக்கொள்ளுது. உண்மையில நிண்ட இடத்தில இருந்து வேகம் பிடிக்க நேரம் போகும், 20 மீற்றர் முன்னுக்கு நிண்டாலும் அந்தப் பிள்ளையும் நிண்ட நிலையிலதான் தொடங்க வேணும், ஆகவே நாங்கள் வெட்டிக் குடுத்த அந்த 20 மீற்றர் அவர் உச்ச வேகத்தில ஓடி முடிக்கக்கூடிய லேசான பகுதி. 15.6 பிள்ளையின்ட சராசரி வேகம் செக்கனுக்கு 6.4 மீற்றர், ஆனா உச்ச வேகம் 7 எண்டு வச்சா, 12.5 செக்கனுக்குப் பிறகு மிஞ்சுற 3.1 செக்கனில அவர் ஓடுறது 21.7 மீற்றர். அதாவது விகிதக் கணக்கு மெதுவான பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மீற்றரைக் குறைச்சுக் குடுக்குது. மறுபக்கம், பயிற்சி இல்லாத சின்னப் பிள்ளையள் கடைசி 20 மீற்றரில களைச்சு வேகம் குறையிறதும் உண்டு, அப்படியெண்டா கணக்கு மற்றப் பக்கம் சாயும். எந்தப் பிள்ளை எப்படி எண்டு அறியாமல் மேசையில இருந்து போடுற தூரம் அரைவாசி ஊகம்தான்.

இதோட அளவெடுக்கிற வேலையும் இருக்கு. நேரான தடம் வேணும், வளைவில செய்ய வெளிக்கிட்டா லேன் கழிவையும் ஹேண்டிகேப்பையும் சேர்த்துக் கூட்டிக் கழிச்சு ஆரோ ஒருத்தர் பிழை விடுவார். டொரிங்டன் மைதானம் மாதிரி இடங்கள் கேட்டவுடன கிடைக்கிறதும் இல்லை. இதாலதான் நேர முறையைச் சொன்னன்.

எல்லாப் பிரச்சினையும் டைம்லதான் இருக்கு

கழித்தல் கணக்கு ஆரும் செய்யலாம். அதுக்குள்ள போடுற டைம் பிழையெண்டா முழுப் போட்டியும் பிழை. கவனிக்க வேண்டியது:

1. கையால எடுத்த டைமையும் மெஷின் டைமையும் கலக்கக் கூடாது. துவக்குச் சத்தம் கேட்டு மனுசன் பட்டனை அமத்துறதுக்குள்ள கொஞ்ச நேரம் போயிடும், அதால கை டைம் உண்மையை விடக் குறைவாத்தான் வரும். 100 மீற்றருக்கு வழமையாக் கூட்டுறது 0.24 செக்கன். செக்கனுக்கு 7 மீற்றர் ஓடுற பிள்ளைக்கு அது ஒன்றரை மீற்றருக்கும் மேல. ஒரு பிள்ளையின்ட டைம் சுகததாசவில மெஷின்ல எடுத்தது, மற்றதின்ட டைம் பள்ளிக்கூடத்து கிரவுண்டில சேர் ஸ்டொப்வாட்ச்சால எடுத்தது எண்டா, ஓட முதலே ஒருத்தர் தோத்தாச்சு. கையால டைம் எடுத்த பிள்ளைதான், ஏனெண்டா கை டைம் அவரை உண்மையை விட வேகமா காட்டும்.

2. பழைய டைம் வேண்டாம். வளர்ற வயசில மூண்டு மாசத்துக்கு முன்னம் ஓடின டைம் வேற பிள்ளையின்ட டைம் மாதிரி. போட்டிக்கு ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள எல்லாருக்கும் ஒரே இடத்தில, ஒரே நேரத்தில, ஒரே மாதிரித் தரையில ட்ரயல் வைக்க வேணும். காலிமுகத்திடலில பின்னேரம் கடல் காத்துக்கு எதிரா ஓடின டைமும் காலமை ஆறு மணிக்கு ஓடின டைமும் ஒண்டில்லை. ஸ்பைக்ஸ் போட்டு ஓடினதும் வெறுங்காலோட ஓடினதும் கூட ஒண்டில்லை, போட்டியிலயும் அதே மாதிரி ஓட விட வேணும்.

3. ட்ரயல் ஒண்டு போதாது. ரெண்டு வைச்சு நல்ல டைமை எடுக்கிறது. சராசரி எடுக்கிறது நியாயம் மாதிரித் தெரியும், ஆனா ஒண்டில வேணுமெண்டே ஊர்ந்து ஓடினா சராசரி கூடிடும். நல்ல டைமை எடுத்தா ஏமாத்த ரெண்டு தரமும் ஊர வேணும்.

வேணுமெண்டு மெதுவா ஓடினா?

இதுதான் ஹேண்டிகேப்பின்ட பழைய நோய், நூறு வருசத்துக்கு மேலா இருக்கிறது. முன்னுக்கு நிக்க வேணுமெண்டு ட்ரயல்ல பிரேக் போட்டு ஓடுறது. ஸ்டோல்ல காசுப் பரிசு பெரிசு எண்டதால ஸ்டுவர்ட்மார், அதாவது போட்டி அதிகாரிகள், விசாரணை வைச்சு அபராதம் போடுற அளவுக்குப் போறது. எங்கட இடத்தில பரிசு ஒரு கப் எண்டாலும் சில பெற்றோருக்கு அதுவே போதும், பிள்ளைக்கு யோசனை வராது, பக்கத்தில நிக்கிற ஆளுக்கு வரும்.

பெரியாக்களுக்குப் போடுற மாதிரி டிஸ்குவாலிஃபை எண்டு பிள்ளையளுக்குப் போடுறது எனக்குச் சரியாப் படயில்லை. உண்மையாவே ரெண்டு கிழமையில முன்னேறின பிள்ளையும் அதில மாட்டுப்படும், முன்னேறினதுக்குத் தண்டனை குடுத்தா இந்தப் போட்டியை வைச்சதுக்கே அர்த்தம் இல்லை. அதுக்குப் பதிலா ஒரு உச்சவரம்பு வைக்கலாம்: எதிர்பார்த்த டைமை விட 5 வீதம் வரை முன்னேறினா முழுக்கக் கணக்கு, அதுக்கு மேல முன்னேறினாலும் 5 வீதம் எண்டுதான் கணக்கு. மேல சொன்ன 'அ' பிள்ளைக்கு 6:30 எண்டா 390 செக்கன், அதில 5 வீதம் 19.5. அவர் 40 செக்கன் முன்னேறி ஓடி முடிச்சாலும் 19.5 தான் எழுதுப்படும். ரெண்டு பேர் வரம்பைத் தொட்டா ரெண்டு பேருக்கும் ஒரே இடம், ரெண்டு கப் வாங்குறது ஒண்டும் பெரிய செலவில்லை. 5 எண்டது கல்லில எழுதினது இல்லை, 4 எண்டோ 6 எண்டோ வைக்கலாம், ஆனா போட்டிக்கு முன்னமே எழுதி ஒட்ட வேணும். ஓட்டம் முடிஞ்ச பிறகு வரம்பு பேசினா அது விதி இல்லை, சண்டை.

இன்னொரு விசயம் ஏமாத்தாமலே நடக்கும். எப்பவும் 5:05 ஓடுற பிள்ளை ஒண்டு, ஒருநாள் 4:50, ஒருநாள் 5:25 எண்டு ஏறி இறங்குற பிள்ளை ஒண்டு. எட்டுப் பேர் ஓடுற போட்டியில முதல் வாறதுக்கு ஒரு நல்ல நாள் வேணும், அந்த ஏறி இறங்குற பிள்ளைக்குத்தான் அப்படி ஒரு நாள் அமையிற வாய்ப்புக் கூட. நல்லாப் பயிற்சி எடுத்து நிதானமா ஓடுற பிள்ளை எப்பவும் மூண்டாவது நாலாவதா வரும். ஒரே ஒரு ஓட்டத்தில கப் குடுக்கிறதை விட நாலு கிழமை நாலு ஓட்டம் வைச்சு, இடத்துக்குப் புள்ளி குடுத்துக் கூட்டினா இது ஓரளவுக்குச் சரிவரும். எனக்குத் தெரிஞ்ச மருந்து அதுதான், முழு மருந்தும் இல்லை.

மைக்கில என்ன சொல்றது

கணக்குச் சரியா இருந்தாலும் போட்டியைக் கெடுக்கிறது மைக். "ஆக மெதுவா ஓடுற பிள்ளை முதல்ல வாங்கோ" எண்டு கூப்பிட்டா அந்தப் பிள்ளை அடுத்த வருசம் வராது. நம்பரையும் கிளம்புற நேரத்தையும் மட்டும் கூப்பிட்டாக் காணும். ட்ரயல் டைம் லிஸ்டை பெற்றோர் குரூப்புல போடுறதும் வேண்டாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்ர டைமும் தன்ர நேரமும் எழுதின துண்டு குடுத்தாப் போதும், விதியை மட்டும் எல்லாருக்கும் போடலாம்.

முடிவுக் கோட்டில

வழமையான ஓட்டத்தில பிள்ளையள் ஒவ்வொருத்தரா வருவினம், எழுதுறது சுகம். ஹேண்டிகேப் எவ்வளவு சரியாப் போட்டிருக்கோ அவ்வளவுக்குக் கோட்டில நெரிசல், அஞ்சாறு செக்கனுக்குள்ள பத்துப் பிள்ளை வந்து விழும். ஆகவே நெஞ்சிலயும் முதுகிலயும் நம்பர், கோட்டுக்கு நேரா ஸ்டாண்டில வைச்ச போன் ரெண்டு வீடியோ எடுத்தபடி, கோட்டைத் தாண்டினதும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா நடந்து போகக் கயிறு கட்டின ஒரு ஒடுங்கின வழி, அதுக்குள்ள முந்த விடாமல் பார்க்க ஒரு ஆள். கண்ணால பார்த்துச் சொல்ற நடுவர்மாரை மட்டும் நம்பினா அண்டைக்குப் பின்னேரமே முறைப்பாடு வரும்.

பிறகு கிளம்பின நேரத்தை முடிச்ச நேரத்தில கழிச்சா ஒவ்வொரு பிள்ளையும் உண்மையா ஓடின 1200 மீற்றர் டைம் வரும். வரம்புக் கணக்கு கப்புக்கு மட்டும்தான், கொப்பியில எழுதுறது உண்மை டைம். 6:30 எண்டு நினைச்ச அ 6:05 ஓடியிருந்தா அடுத்த முறை அவர் கிளம்புறது 6:05 கணக்கிலதான்.